நான்கு டிஸ்க் ரெய்டு வாங்கினால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். எட்டு கம்ப்யூட்டர். டேலி டேட்டா, எக்செல், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் சேர்த்து 700 ஜிபி இருக்கும். இப்போது ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஃபோல்டரை ஷேர் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைத்துக்கொள்ளும் நாஸ் பெட்டி, அதுவும் நான்கு டிஸ்க் போடுவதற்கு டீலர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நான்கும் 4 டிபி, ரெய்டு 5. "ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது, தனியாக பேக்கப் தேவையில்லை" என்கிறார். வாங்கலாமா?

பதில்: நாஸ் வாங்குங்கள். அந்தக் கொட்டேஷனுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

டீலர் சொன்னதில் முதல் பாதி சரி. பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவதுதான் ரெய்டு. ரெய்டு 5 வகையில் நான்கில் ஒரு டிஸ்க் பழுதானாலும் ஆபீஸ் வேலை நிற்காது. ஆனால் டேட்டா போவது டிஸ்க் பழுதாகி மட்டுமா? செப்டம்பர் அவசரத்தில் யாராவது ஒரு கிளையண்டின் ஃபோல்டரைத் தெரியாமல் டெலீட் செய்தால், ரெய்டு அதையும் தட்டாமல் நிறைவேற்றும். ரான்சம்வேர் வந்தாலும் அதே கதைதான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. எத்தனை டிஸ்க் போட்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வீட்டிலிருந்து நாஸைப் பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகப் பாருங்கள். வெளியிலிருந்து நேராக நாஸுக்குள் வர ரவுட்டரில் போர்ட் திறந்து விடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அளவு. நான்கு 4 டிபி டிஸ்கில் ரெய்டு 5 போட்டால் ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 12 டிபி கிடைக்கும். 700 ஜிபிக்கு 12 டிபி எதற்கு? இரண்டு டிஸ்க் பெட்டியில் இரண்டு 4 டிபி போட்டு மிரர் செய்தால், அதாவது இரண்டிலும் ஒரே டேட்டாவை எழுதினால், 4 டிபி. விண்டோஸ் அதை 3.63 என்று காட்டும், கணக்கிடும் முறை வேறு என்பதால்தான், டீலரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் ஆபீஸுக்கு இது பல வருஷத்துக்குத் தாராளம். சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் வினாடிக்கு ஏறக்குறைய 110 எம்பிக்கு மேல் வராது, அதை ஒரே டிஸ்க்கே கொடுத்துவிடும். ஆகவே நான்கு டிஸ்க் போட்டால் வேகம் கூடும் என்ற பேச்சும் உங்களுக்குப் பொருந்தாது.

மிச்சமாகும் பணத்தில் இரண்டு யுஎஸ்பி டிஸ்க், ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். யுபிஎஸ்ஸில் டேட்டா போர்ட் இருக்க வேண்டும். அதை நாஸோடு கேபிளில் இணைத்தால், கரண்ட் போய் பேட்டரி தீரும்போது பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். யுஎஸ்பி டிஸ்குகளில் ஒன்று நாஸில் சொருகி இருக்கட்டும், ராத்திரி எல்லோரும் டேலியை மூடிய பிறகு பேக்கப் ஓடும்படி நேரம் வையுங்கள். மற்றது உங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை மாலை மாற்றிக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் புகுந்த மாதிரி ஆபீஸுக்குள் தண்ணீர் புகுந்தால், நாஸும் பக்கத்து மேஜை டிராயரில் இருக்கும் பேக்கப்பும் சேர்ந்தேதான் நனையும். எடுத்துப் போகும் டிஸ்கில் கிளையண்ட் விவரங்கள் இருப்பதால் என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) போடாமல் பைக்கில் வைக்காதீர்கள்.

கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களை எலக்ட்ரானிக்காக வைத்திருந்தால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி மாறியதை ஆடிட்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட டேட்டா உங்களிடம் இருந்தால் இந்த டிஸ்குகளோடு இந்தியாவில் சர்வர் வைத்திருக்கும் கிளவுட் பேக்கப் ஒன்றும் சேரட்டும்.

கொட்டேஷனில் வெறும் "4 டிபி ஹார்டு டிஸ்க்" என்று எழுதியிருந்தால் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். சில டிஸ்குகளில் டிராக்குகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். அது எஸ்எம்ஆர். ஒரு இடத்தில் மாற்றி எழுத, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பழுதான டிஸ்கை மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது இது இழுத்தடிக்கும், சில சமயம் பாதியில் கைவிட்டும் விடும். நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் டிஸ்குகளில் 2 முதல் 6 டிபி வரை இதைச் சத்தமில்லாமல் போட்டிருந்ததை 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் ரெட் பிளஸ் என்ற பெயர் வந்தது. ரெட் பிளஸ், ரெட் ப்ரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப் மூன்றும் டிராக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை. இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி, அதாவது ஃபைல்களின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் வசதி வேண்டும். டெலீட் ஆன ஃபைலை நேற்றைய நிலைக்குக் கொண்டுவர அதுதான் சுலபமான வழி. சினாலஜி கம்பெனியின் பெட்டிகளில் டிஎஸ்223ஜே மலிவு, ஆனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் தேவையான பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் அதில் கிடையாது. டிஎஸ்223-ல் உண்டு. அந்த ஒரு எழுத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

மாதம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்கிலிருந்து ஒரு கிளையண்டின் ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, டேலியில் திறந்து பாருங்கள். "பேக்கப் சக்சஸ்" என்று மெயில் வருவதை நம்பி உட்காராதீர்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் செய்த மாற்றமே 77 டிபி ஆராய்ச்சி டேட்டாவை அழித்தது.

கேள்வி: ஆன்லைனில் நல்ல தள்ளுபடியில் சீகேட் எக்ஸோஸ் டிஸ்க் வாங்கினேன். புதுசு என்று போட்டிருந்தார்கள். ஓடிய நேரம் 3 மணி என்று காட்டுகிறது. ஆனால் ஸ்குரூ ஓட்டைகளைச் சுற்றிக் கீறல். ஏமாந்துவிட்டேனா?

பதில்: சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான். ஓடிய நேரத்தைப் பூஜ்யமாக்கிப் பழைய எக்ஸோஸ் டிஸ்குகளைப் புதிதாக விற்பது 2025 ஜனவரியில் ஜெர்மனியில் அம்பலமானது. சீகேட் டிஸ்குக்குள் ஃபார்ம் (FARM) என்று தனியாக ஒரு பதிவு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் அண்மைப் பதிப்பு அதைப் படித்துக் காட்டும். அங்கே ஆயிரக்கணக்கில் மணி இருந்தால் விஷயம் முடிந்தது. ஃபார்மையும் திருத்தியவர்கள் உண்டு என்பதால், சீரியல் எண்ணை சீகேட் தளத்தில் போட்டு வாரண்டி எதுவரை என்றும் பாருங்கள்.

கீறலையும் லேபிளையும் போட்டோ எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள். கோர்ட் வரை போகும் எண்ணம் இருந்தால் பில் யார் பேரில் என்று பாருங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

கேள்வி: விண்டோஸ் 11 புதுப்பித்த பிறகு நாஸ் ஷேர் திறக்கவே இல்லை. பாஸ்வேர்டு எப்போதுமே கேட்டதில்லை. நாஸ் கெட்டுவிட்டதா?

பதில்: நாஸில் கோளாறு இல்லை. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில் கெஸ்ட் அணுகலை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் ஷேருக்குள் நுழைவதை, விண்டோஸ் தடுக்கிறது. பழையபடி திறக்கப் பாலிசியில் மாற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அதைச் செய்யாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு யூசர், பாஸ்வேர்டு உருவாக்கி, யாருக்கு எந்த ஃபோல்டர் என்று பிரித்துக் கொடுங்கள். அரை நாள் வேலை. நாஸ் அமைப்பில் ஃபைல் ஷேர் செய்யும் பழைய முறையான எஸ்எம்பி 1 இன்னும் ஆனில் இருந்தால் அதையும் அப்போதே அணைத்துவிடுங்கள். 2017-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியாகத்தான். பழைய ஸ்கேனர் அதனால் வேலை செய்யாமல் போனால், ஸ்கேனை மெயிலுக்கோ எஃப்டிபிக்கோ அனுப்பும்படி மாற்ற முடியுமா என்று பாருங்கள்.