போர் தண்ணீர் இருக்க பி.எச் பவுடர் எதற்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் தார்ப்பாலின் விரித்துக் குளம் போட்டு, கட்லாவும் ரோகுவுமாக 400 குஞ்சு விட்டேன். இப்போது ஒவ்வொன்றும் 200 கிராம் தேறும். தினமும் 2 கிலோ மிதவைத் தீவனம் போடுகிறேன். போர் தண்ணீர் உப்பு, மீனுக்கு ஆகாது என்று உறவினர் சொன்னதால், ஐப்பசி மழையின்போது பழைய தண்ணீரை இறைத்துவிட்டு மாடித் தண்ணீரை நிரப்பினேன். அதிலிருந்து பி.எச் (தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7 நடு) காலையில் 6.8, சாயங்காலம் 9.2 என்று காட்டுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கடைக்காரர் பி.எச் குறைக்கும் பவுடரும் 2 கிலோ ஜியோலைட் என்ற கல்பொடியும் கொடுத்தார். போட்ட மறுநாள் காலை 6.4, சாயங்காலம் பழையபடி 9.2. இதுவரை 11 மீன் செத்துவிட்டன. பி.எச்சை 7.5-இல் நிறுத்த எந்த மருந்து நல்லது? சொட்டுநீர் போடும்போது எடுத்த போர் தண்ணீர் ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.
- தாராபுரம் பக்கத்து வாசகர்

பதில்: 7.5-இல் நிறுத்த மருந்து கிடையாது. எந்தக் குளமும் ஒரே எண்ணில் நிற்காது. பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பி.எச் ஏறும். ராத்திரி பாசி, மீன், அடிக்கசடு எல்லாம் அதை வெளியே விடும், பி.எச் இறங்கும். 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் ஏறி இறங்கினால் மீன் கண்டுகொள்ளாது. உங்கள் குளம் 6.8-க்கும் 9.2-க்கும் குதிக்கிறது. அதுதான் கோளாறு.

விடியற்காலை வாய் பிளப்பது வேறு சங்கதி. அது பிராணவாயுப் பஞ்சம். அரை ஹெச்.பி. மோட்டாரை வைத்து, குளத்துத் தண்ணீரையே எடுத்து மேலிருந்து பூவாளி மாதிரி திரும்பக் குளத்தில் விழும்படி இரவு 2 மணியிலிருந்து விடியும்வரை ஓட்டுங்கள். இன்று இரவே ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பி.எச்சைப் பிடித்து வைக்கிற சரக்கு தண்ணீரில் இருக்கிறதா என்பது. அதற்குப் பெயர் மொத்தக் காரத்தன்மை, ஆல்கலினிட்டி. பி.எச்சும் இதுவும் ஒன்றல்ல. வில்லுவண்டியும் மொட்டைவண்டியும் ஒரே பள்ளத்தில்தான் இறங்குகின்றன, முதுகு எதில் உடைகிறது என்பதுதான் பேச்சு. காரத்தன்மைதான் அந்த வில். லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால் போதும். மழைத் தண்ணீரில் அது அநேகமாகப் பூஜ்யம். மண் குளமாக இருந்தால் மண்ணிலிருந்தாவது கொஞ்சம் ஊறும், தார்ப்பாலினில் எங்கிருந்து ஊறும்?

அந்தப் பவுடர் வெறும் அமிலம். அமிலம் முதலில் தின்பது மிச்சம் மீதி இருக்கும் காரத்தன்மையைத்தான். நொண்டி மாட்டுக்கு லாடத்தையும் பிடுங்கிய கதை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஜியோலைட் பிடிக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் 2 கிலோ, உங்கள் ஒரு நாள் தீவனம் விடும் அம்மோனியாவுக்கே காணாது. எண்ணைக் காட்டினால் டப்பாவை நீட்டும் கடையில், எண் ஏன் அப்படி ஆனது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் விற்க ஒன்றும் இருக்காது.

உங்கள் ரிப்போர்ட்டில் போர் தண்ணீரின் காரத்தன்மை 310. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது, வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், இல்லையா? அந்தப் பொருக்கு சுண்ணாம்புதான். வீட்டுக்காரம்மா புளி போட்டுத் தேய்த்துக் கழுவி ஊற்றுகிற அதே சரக்கைத்தான் நீங்கள் கடையில் தேடுகிறீர்கள். நாக்கில் கரிக்கிற உப்பு வேறு, இது வேறு. உறவினர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

காலை 7 மணிக்கு, பி.எச் தாழ்ந்திருக்கும்போது, பத்தில் ஒரு பங்கு, அதாவது 5,000 லிட்டர் குளத்துத் தண்ணீரை அடியிலிருந்து கசடோடு எடுத்துத் தென்னைக்கு விடுங்கள். அதே அளவு போர் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழவிடுங்கள். போரிலிருந்து நேராக வரும் தண்ணீரில் பிராணவாயு அநேகமாக இருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு தடவை செய்தால் காரத்தன்மை 100-ஐ நெருங்கும். போர் இல்லாதவர்கள் ஆப்பசோடா போடலாம். இந்த அளவுக் குளத்தில் 50 மில்லிகிராம் ஏற்ற 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். வாளியில் கரைத்து மூன்று நாளாகப் பிரித்து ஊற்ற வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பை மட்டும் மீன் இருக்கும் குளத்தில் கொட்டாதீர்கள். என் முதல் தொட்டியில் ஒரு சாயங்காலம் கொட்டிவிட்டு, மறுநாள் காலை செத்த மீனைக் கூடையில் அள்ளினேன். அது பி.எச்சை ஒரேயடியாகத் தூக்கிவிடும். பி.எச் 7-இல் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. 9-இல், நம்மூர்ச் சூட்டில், நூற்றுக்கு 40. உங்கள் 11 மீனும் எதனால் போயின என்பதற்கு நான் இங்கேதான் விரல் வைப்பேன்.

அந்த அம்மோனியா வந்த வழி தீவனம். 2 கிலோ தீவனத்தில், புரதம் 28 சதவீதம் என்றால், சுமார் 90 கிராம் நைட்ரஜன். மூன்றில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் சேரும், மீதி 60 கிராம் தண்ணீருக்கு. அதை நல்ல பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்ற, கிராமுக்கு 7 கிராம் காரத்தன்மையைத் தின்னும். பாதியைப் பாசி எடுத்துக்கொண்டது என்றே வைத்தாலும், நாளுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் கரைகிறது. ஆகவே ஒரு முறை ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது. பி.எச் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொட்டு எண்ணிப் பார்க்கும் ஆல்கலினிட்டி கிட் ஒன்று வாங்கி, வாரம் ஒரு முறை பாருங்கள். நான் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே சாமான் அதுதான்.

காற்றூட்டாத குளத்தில் கெண்டைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு மீன் என்பது கணக்கு. நீங்கள் எட்டு விட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் பிடித்து விற்றுவிடுங்கள், 200 கிராம் மீனுக்கும் ஊரில் ஆள் உண்டு. மேகமூட்டமான நாளில் தீவனம் வேண்டாம். கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு முங்குவதற்குள் உள்ளங்கை மறைந்தால் பாசி முற்றிவிட்டது, அன்றும் வேண்டாம்.

மாடிக் குழாயின் வாயை அடுத்த மழைக்குள் வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.