சைனஸ் ஆபரேஷன்: செலவு குறையுமா, கூடுமா?

பல வருடமாக சைனஸ் தொல்லை. ஆபரேஷன் செய்துகொண்டால் மருந்துக்குக் கொடுக்கும் காசு நின்றுவிடுமா?

நிற்காது, குறையும். மூக்கு வழியாகச் சின்னக் கேமராக் குழாயை விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன், மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளின் வாசலை அகலமாக்கித் தருகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சவ்வு வீங்குகிற குணம் அப்படியேதான் இருக்கும். அதனால் உப்புநீரில் மூக்கைக் கழுவுவதும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் தொடரும், ஆனால் வாசல் திறந்திருப்பதால் அந்த மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். மிச்சமாவது அடிக்கடி எழுதித் தரும் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரை, சளி பிடித்தாலே டாக்டரிடம் ஓடுவது, இந்த வகைச் செலவுகள்தான். ஆபரேஷன் ஆயிற்றே என்று ஸ்ப்ரேயை நிறுத்துபவர்களில் பலர் திரும்ப வந்து நிற்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகியும் பில் வந்துகொண்டே இருக்கிறதே?

வரும். முதல் சில வாரங்களில் மூக்குக்குள் படியும் பொருக்கையும் உறைந்த ரத்தத்தையும் எண்டோஸ்கோப் வைத்து எடுக்க வேண்டும், அதை விட்டால் ஒட்டிக்கொண்டு வாசல் மறுபடி அடைபடலாம். மயக்க மருந்து, சதைப் பரிசோதனை, கூடவே மூக்கின் நடுத்தண்டை (இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் சுவர்) சரிசெய்திருந்தால் அது, எல்லாம் தனிக் கணக்காக வரலாம். தேதி குறிக்கும் முன்பே இதெல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள், காப்பீட்டிலும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் செலவு நன்றாக இறங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றனவாமே, நம்பலாமா?

இறங்குவது உண்மை. எவ்வளவு என்பதில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஒருவர் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதே தாங்க முடியாத கட்டத்தில்தான், அதற்கு முந்தைய மாதங்களில் ஸ்கேன், ஆலோசனை, அடுத்தடுத்து மருந்து கோர்ஸ் என்று செலவு உச்சத்தில் இருக்கும். அந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் எதுவுமே குறைவாகத்தான் தெரியும், ஆபரேஷன் செய்யாமலே கூட ஓரளவு இறங்கியிருக்கலாம். அதே அளவு நோயோடு மருந்திலேயே தொடர்ந்தவரோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அப்புறம், ஆபரேஷனுக்கான தொகை ஒரே நேரத்தில் போய்விடும், மிச்சம் வருடக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் வரும், ஆகவே முதல் வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் நஷ்டமாகவே தெரியும்.

இன்னொன்று, எந்த பில்லிலும் வராதது: போன வேலைநாட்கள், தூக்கம் கெட்டு பாதி மூளையோடு உட்கார்ந்த நாட்கள். நோய் முற்றியவர்களுக்கு மருத்துவச் செலவைவிட இந்த இழப்பே பெரிதாக இருக்கக்கூடும். என்னைக் கேட்டால் இதைச் சேர்க்காத கணக்கு கணக்கே இல்லை.

மூக்கில் பாலிப் (சவ்வு வீங்கித் தொங்கும் சதை). ஆபரேஷனா, புதிதாக வந்திருக்கும் ஊசியா?

டுபிலுமாப் ஊசிக்கு 2019-ல் அமெரிக்காவில் பாலிப் நோய்க்கு அனுமதி கிடைத்தது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விலையும் அதிகம், நிறுத்தினால் பலருக்குத் தொல்லை திரும்புகிறது. வெறும் செலவுக் கணக்கு என்றால் முதலில் ஆபரேஷன்தான். ஆஸ்துமாவும் ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு பாலிப் மறுபடி மறுபடி முளைக்கும், இரண்டாவது மூன்றாவது ஆபரேஷன் வரை போனவர்களுக்கு ஊசியின் கணக்கு வேறு.

ஒன்றரை மாதமாக மூக்கடைப்பும் தலைவலியும். இப்போதே ஆபரேஷன் செய்தால் பின்னால் மிச்சம்தானே?

அவசரப்படாதீர்கள். 12 வாரம் தாண்டினால்தான் நாள்பட்ட சைனஸ் என்றே சொல்வோம், அதுவும் எண்டோஸ்கோப்பியிலோ சி.டி. ஸ்கேனிலோ தெரிய வேண்டும். சைனஸ் தலைவலி என்று வருவதில் நிறைய ஒற்றைத் தலைவலிதான், அதற்கு மூக்கில் கத்தி வைத்தால் காசு முழுக்க வீண். முதலில் ஸ்ப்ரேயைச் சரியாக அடிக்கிறீர்களா பாருங்கள்: தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மூக்கு கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் நேரடியாகக் கூடவே கூடாது.