வடிகட்டியும் தண்ணீர் ஏன் கலங்கலாகவே இருக்கிறது?

மழைக்குப் பின் வேலூர்ப் பக்கத்து ஏரித் தண்ணீரை வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினாலும் செம்மண் நிறம் போவதில்லை. கலங்கல் என்பது நீரில் மிதக்கும் களிமண் துகள்கள். அவை 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை; துணியின் கண்களோ பல மடங்கு பெரியவை. போதாக்குறைக்கு, எல்லாத் துகள்களிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அடியில் படியாமல் நிற்கின்றன.

பானையின் உட்புறத்தில் தேற்றா மரத்தின் விதையான தேற்றாங்கொட்டையை உரைப்பது இதற்காகத்தான். அதன் பசைப்பொருள் துகள்களைப் பிணைத்துத் திரளாக்குகிறது. சல்லடையில் இறங்கிவிடும் மாவு, தண்ணீர் தெளித்துப் பிசிறினால் கட்டியாகி மேலேயே நிற்பதுபோல. சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கழுவிய மணல் வழியே ஊற்றுங்கள்.

தெளிந்துவிட்டால் குடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி சாகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்; தோல் தொழிற்சாலைக் கழிவு நீரில் கலந்திருந்தால், அதன் உப்போ கொதிக்கவைத்தாலும் போகாது.