கேளுங்க சொல்றேன்: வியாசர்பாடி அம்மாக்களுக்கு ஒரு ஃபிட்னஸ் கிளாஸ்

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயசு, வியாசர்பாடி. ஸ்கூல் படிக்கும்போது எங்க கிரவுண்டுல ஃபுட்பால் ஆடினவ, கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் நின்னுபோச்சு. ரெண்டு பசங்க, ரெண்டாவது ஆபரேஷன். முதுகுவலி தாங்காம பக்கத்து ஏரியா ஜிம் ஒண்ணுல சேரப் போனேன், அட்ரஸ் எழுதினதுமே அங்க இருந்தவங்க முகம் மாறிடுச்சு, நான் கேக்குறதுக்கு முன்னாடியே "இங்க ஃபீஸ் ஜாஸ்தி, உங்களுக்கு ஒத்துவராது"ன்னாங்க. எங்க தெரு அம்மாக்களுக்கு நானே ஒரு கிளாஸ் ஆரம்பிக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வீட்டுல என்னடான்னா "நாள் பூரா வேலை செய்யுற பொம்பளைங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ், யாரு காசு குடுப்பா"ன்னு கேக்குறாங்க. ஃப்ரீயா ஆரம்பிக்கட்டுமா, லோன் போடட்டுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, சென்னை)

பதில்: தங்கச்சி, அந்த ஜிம்ல நடந்ததைப் படிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு. ஆனா நீ எடுத்த முடிவு அதைவிடப் பெருசு.

முதல்ல வீட்டுக்குச் சொல்லு, வேலை வேற எக்சர்சைஸ் வேற. ஒரே இடுப்புல குடம், அதே இடுப்புல குழந்தை, குனிஞ்சு துடைக்கிறது, குந்தி துவைக்கிறதுன்னு தினமும் அதே தசைதான் உழைக்குது, மத்ததெல்லாம் தளர்ந்துபோகுது, அதனாலதான் இவ்வளவு உழைச்சும் முதுகு போகுது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன். உன் கிளாஸுக்கு வரப்போறவங்க இவங்கதான், அதனால யூடியூப்ல பாக்குற ஜம்பிங்கை எல்லாம் அப்படியே இங்க கொண்டுவராதே.

சேரும்போதே ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வெச்சுப் பேசு. எப்போ பிரசவம், ஆபரேஷனா, டாக்டர் எக்சர்சைஸ் பண்ணலாம்னு சொன்னாரா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாத்துட்டு வரச் சொல்லு. அப்புறம் மல்லாக்கப் படுக்க வெச்சு, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசா தூக்கச் சொல்லிட்டு, தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுவுல விரலை வெச்சு அழுத்திப் பாரு. ரெண்டு விரல் அகலத்துக்கு மேல இடைவெளி இருந்தா பிரசவத்துல விலகின வயித்துத் தசை இன்னும் சேரலைன்னு அர்த்தம், அவங்களுக்கு சிட்-அப்ஸ் கூடவே கூடாது.

இன்னொண்ணு, யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க. இருமினா தும்மினா சொட்டு மூத்திரம் போறது. எனக்கும் என் பொண்ணு பொறந்ததுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் இருந்துச்சு, வெக்கப்பட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. மூத்திரத்தை அடக்குற மாதிரி அந்தத் தசையை இறுக்கி அஞ்சு எண்ணிட்டு விடணும், பத்து தடவை, தினமும் மூணு வேளை. மூத்திரம் போகும்போது பண்ணிப் பழகக்கூடாது. கீழ எதோ இறங்குற மாதிரி இருக்குன்னு யாராச்சும் சொன்னா எக்சர்சைஸை நிறுத்திட்டு நேரா டாக்டர்கிட்ட அனுப்பு. இதை முதல் நாளே நீயா பேச்செடு, "அப்பாடா எனக்கு மட்டும் இல்ல"ன்னு நாலு பேர் மூச்சு விடுவாங்க, அவங்கதான் அடுத்த வாரம் எட்டு பேரைக் கூட்டிட்டு வருவாங்க.

நேரம் ரொம்ப முக்கியம். காலைல ஆறு மணி கிளாஸ்னா தண்ணி லாரி, சமையல், ஸ்கூல், வீட்டுவேலைக்குப் போறவங்க, ஒருத்தரும் வரமுடியாது. மத்தியானம் ரெண்டரைக்கு வை. நைட்டிக்கு மேல துப்பட்டாவோட வந்தாலும் சரி, ஷூ லெக்கின்ஸ்னு கேக்காதே. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒரு கிலோ, அதுதான் டம்பெல். வாரத்துக்கு 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கிளாஸ் மூணு நாள் 40 நிமிஷம், மீதி வீட்டுலயே கொஞ்சம் வேக நடை.

ஃப்ரீ வேண்டாம்மா. ஃப்ரீன்னா பத்து நாள்ல கூட்டம் கரைஞ்சிடும், உன் உழைப்புக்கும் மரியாதை இருக்காது. மகளிர் குழுவுக்கு வாரம் கட்டிப் பழகினவங்க நம்மாளுங்க, அதே மாதிரி வாரம் 50 ரூபா வாங்கு. 20 பேர்னா மாசம் 4000, அதுல இடத்துக்கு வாடகை, பசங்களைப் பாத்துக்க தெருவுல ஒரு பாட்டிக்குச் சம்பளம் குடுத்துடலாம். உன் கைல பெருசா நிக்காது, ஆனா ஆறு மாசத்துல ரெண்டாவது பேட்ச் போடுற அளவுக்குப் பேர் வந்துடும். அதுக்குள்ள ஒரு ட்ரெய்னர் சர்டிபிகேட்டும் முதலுதவி ட்ரெய்னிங்கும் முடிச்சிடு.

லோன் இப்போ வேண்டாம். பாய்க்கும் பாட்டிலுக்கும் எதுக்கு கடன்? சொந்தமா இடம் பிடிக்கிற நிலைமை வந்தா மத்திய அரசோட முத்ரா கடன் திட்டத்துல சிசு பிரிவுல 50,000 வரைக்கும் ஜாமீன் இல்லாம கேக்கலாம். நீங்க எஸ்சி எஸ்டின்னா அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்துல 35 சதவீத மானியம் இருக்கு, சென்னைல தொழில் வணிகத் துறையோட மண்டல இணை இயக்குநர் ஆபீஸ்ல விசாரி. சிறு தொழில்னு அரசுகிட்ட பதியுற உத்யம் பதிவு மட்டும் இப்பவே பண்ணிடு, அதுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது, பண்ணித் தரேன்னு யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா குடுக்காதே.

கேள்வி: எங்க ஊர்ல முஸ்லிம் அம்மாக்களுக்கு இதே மாதிரி கிளாஸ் நடத்துறேன் அக்கா. விளம்பரத்துக்கு போட்டோ போடச் சொல்றாங்க, வர்றவங்க பயப்படுறாங்க.
(வாசகி, ஆம்பூர்)

பதில்: போடாதீங்கம்மா. உங்க கிளாஸுக்கு அவங்க வர்றதே உள்ள கேமரா இல்லைங்கற நம்பிக்கைலதான். வாசல்லயே ஒரு கூடை வெச்சு எல்லாரோட போனையும், உங்க போனையும் சேர்த்து, அதுல போடச் சொல்லுங்க. விளம்பரத்துக்கு வெறும் பாயும் தண்ணி பாட்டிலும் எடுத்துப் போட்டா போதும், நேரமும் ஃபீஸும் தெளிவா எழுதுங்க. ரமலான்ல கிளாஸை இஃப்தாருக்கு அப்புறம் மாத்திடுங்க.