‘ஊரே குடிக்குது’ என்கிறார் என் கணவர்

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். கணவருக்கு 43 வயது, ஏசி மெக்கானிக். முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பார், இப்போது தினமும் ஒரு ஆஃப். காலையில் கை நடுங்குகிறது. போன கார்த்திகையில் மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். ஏதோ தீட்டு என்று மாமியார் மாலையைக் கழற்றச் சொல்லிவிட்டார். மறுநாளே மறுபடி குடி. கேட்டால், “மெட்ராஸ்ல குடிக்காதவன் எவன்? ஊரே குடிக்குது” என்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலக்க ஒரு பவுடர் வாங்கித் தருவதாகக் கொழுந்தனார் சொல்கிறார். இல்லாவிட்டால் வேனில் வந்து தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாம். என் அக்கா மகன் (19) வேறு ஏதோ மாத்திரை போடுகிறான் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: சகோதரி, அந்த மூன்றாம் நாள் ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். அது தீட்டும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடப்பது அது.

மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் அதோடு பழகிய மூளை, ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கும். மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ராத்திரி பத்து மணிக்குக் கடைசி கிளாஸ் என்றால், காலை ஆறு மணிக்குக் கை நடுங்குவது இதனால்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உறிஞ்சுகிற ஆட்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறந்து ஒரு கட்டிங் உள்ளே போனதும் அதே கை ஸ்க்ரூடிரைவரை உறுதியாகப் பிடிக்கும். “பார்த்தீங்களா, எனக்கு ஒண்ணுமில்ல” என்பார்கள். ஒன்றும் இல்லாதவருக்கு ஏன் நடுங்கப்போகிறது?

நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி, குழப்பம், வியர்வை, காய்ச்சல், இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவது எல்லாம் வரலாம். ‘டெலீரியம் ட்ரெமன்ஸ்’ என்று பெயர். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால் அடுத்த கார்த்திகைக்கு மாலை போடட்டும், தாராளமாக. ஆனால் மாலைக்கு முன்னால் டாக்டர். அதுவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். “குடிக்காதே” என்று சத்தியம் வாங்காதீர்கள். ஒரு டாக்டர் இப்படி எழுதுவது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் இவர் விஷயத்தில் அதுதான் பாதுகாப்பு.

ஆஸ்பத்திரியில் செய்வது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. முறுக்கைத் தணிக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். குடித்துச் சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்பது நம்மூர் வழக்கம். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு உடம்பில் தயமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், நினைவாற்றலே போகலாம். எங்கே போனாலும், தினமும் குடிப்பவர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

சரி, ‘ஊரே குடிக்குது’ விஷயத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாவட்டத்தில் சுமார் 46 லட்சம் பேர். 1000 ஆணுக்கு 989 பெண்கள், ஆக ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குள் மது குடிக்கும் பெண்கள் 1.6 சதவீதம், ஆண்கள் 27.3 சதவீதம். நாட்டுக் கணக்கை அப்படியே ஒரு நகரத்துக்குப் பொருத்த முடியாது. சென்னை ஆண்களில் மூன்றில் ஒருவர் குடிப்பதாகத் தாராளமாக வைத்தாலும், குடிக்காத இருவர் உங்கள் கணவர் வேலைக்குப் போகும் அதே பஸ்ஸில்தான் போகிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு டாஸ்மாக் வாசலில் நின்று எண்ணினால் ஊரே குடிப்பதுபோலத்தான் தெரியும்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

பவுடர் வேண்டவே வேண்டாம். அப்படி விற்பவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலர் டைசல்ஃபிராம் என்ற, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரையையே பொடித்துக் குழம்பில் போடுகிறார்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு மட்டும். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் குடிப்பார். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். நெஞ்சுக்கோளாறு உள்ளவர் என்றால் எழுந்திருக்காமலே போகலாம். பிழைத்து, விஷயமும் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடுவாரா? குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.

வேனில் தூக்கிப்போகும் இடம் பற்றிக் கொழுந்தனாரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளுக்கும் பொருந்தும். ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தால், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். சங்கிலி போடுவது குற்றம். டாக்டரே இல்லாத அறையில் உங்கள் கணவருக்கு அந்த மூன்றாம் நாள் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

போக வேண்டிய இடம் பெரம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், 1794-ல் தொடங்கியது. அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள், தெரியும். போதை மீட்புக்குத் தனிப் பிரிவே அங்கே இருக்கிறது. கூச்சமாக இருந்தால் ஸ்டான்லி அல்லது சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2025-ல் அரசு ‘கலங்கரை’ என்ற பெயரிலும் மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. தொண்டு நிறுவனம் என்றால் அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை. 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது, வீட்டு ஆட்களையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். யாரிடமும் முகம் காட்டாமல் முதலில் பேச வேண்டுமா? 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் இலவசம். அப்புறம் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். குடித்து மீண்டவர்களே நடத்துவது, கட்டணம் கிடையாது, தமிழிலும் நடக்கிறது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. கணவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

அக்கா மகனுக்கு: எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை, அட்டையைக் கண்டால் தூக்கி எறியாமல் எடுத்துவையுங்கள். தூக்க மாத்திரை என்றால் அதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மாத்திரை என்றால் நாக்கடியில் வைக்கும் ப்யூப்ரனார்ஃபின் போன்ற சிகிச்சை உண்டு. கரைத்து ஊசியில் ஏற்றுகிறானா என்றும் பாருங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி பரிசோதனை அவசியம். மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாரித்தால் யாருக்கும் பயப்படாமல் உடனே 108. சிகிச்சைக்கு வந்தான் என்பதற்காகக் கேஸ் வராது, நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் சட்டக் கடமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கி, தானாகச் சிகிச்சைக்கு வருபவரைக்கூட வழக்கிலிருந்து விடுவிக்க இடம் தருகிறது. பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம்.

வரும் திங்கட்கிழமை காலை ஓபிக்குக் கூட்டிப்போங்கள். “குடியை விடணும், வாங்க” என்று சொன்னால் வரமாட்டார். “கை நடுங்குதே, காட்டிட்டு வரலாம்” என்று சொல்லுங்கள், அவருக்கும் அது தொல்லையாகத்தான் இருக்கும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, கார்த்திகையில் என்ன நடந்தது, இதுவரை ஃபிட்ஸ் வந்ததுண்டா. வரிசையில் நிற்கும்போது வியர்த்து நடுக்கம் கூடினால் டோக்கனுக்காகக் காத்திருக்காதீர்கள். நர்ஸிடம் அந்தச் சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.