சீனர்களை மற்ற நாட்டு மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

உலகம் முழுவதையும் அளந்து சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் அளந்தது இரண்டே ஊர்கள். ஆயத்த ஆடை வியாபாரத்தில் இருந்தவன் என்பதால் 2004 முதல் ஆறு ஆண்டுகள் ஜகார்த்தாவிலும், அதன்பின் ஏழு ஆண்டுகள் பாங்காக்கிலும் குடியிருந்தேன். இரண்டு ஊரிலும் சீன வம்சாவளியினர் ஏராளம். தென்சீனக் கடற்கரையிலிருந்து ஒரே மாதிரிக் கப்பல்களில், ஒரே மாதிரிப் பசியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆனால் ஜகார்த்தாவில் "அவர் சீனர்" என்று சொல்லும்போது குரல் தாழும். பாங்காக்கில் "எங்கள் தாத்தா சீனர்" என்று சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். இந்த வேறுபாடு எனக்கு விளங்கவே பல ஆண்டுகள் பிடித்தன.

ஜகார்த்தாவில் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவை ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டார். பெயர் அசல் ஜாவானியப் பெயர். ஆனால் மற்றப் பெண்களை "இபு", அதாவது அம்மா, என்று அழைத்த எல்லோரும் அவரை மட்டும் "சிச்சி" என்றார்கள். சீனக் குடும்பங்களில் அக்காளைக் கூப்பிடும் சொல் அது. அதில் பாசமும் இருந்தது, "நீ வேறு" என்ற குறியீடும் இருந்தது. ஒரு நாள் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பியவர், மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்தார். குடியுரிமைச் சான்று. அவரும் அவர் அப்பாவும் பிறந்தது அந்த மண்ணில்தான். இருந்தும் பள்ளி, திருமணம், பாஸ்போர்ட் என்று எதற்குப் போனாலும் அந்தக் காகிதத்தை நீட்ட வேண்டியிருந்தது. பக்கத்து மேசை ஜாவானியரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. 2006 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அது தேவையில்லை என்று நான் சொன்னேன். "தெரியும், இருந்தாலும் கையில் இருக்கட்டும்" என்றார்.

பெயர் ஜாவானியமானதற்கும் ஒரு கதை உண்டு. 1966இல் சீனப் பெயர்களை மாற்றிக்கொள்ள வழி செய்யும் அரசாணை வந்தது. "வழி செய்யும்" என்பது காகிதத்து மொழி. மாற்றாதவன் சந்தேகத்துக்குரியவன் என்பதுதான் நடைமுறை. எனவே மக்கள் பழைய குடும்பப் பெயரைப் புதிய பெயருக்குள் ஒளித்துவைத்தார்கள். தான் என்பது தனுவிஜயா ஆனது, லிம் என்பது சாலிம் ஆனது. 1967இல் நாட்டை ஆண்ட சுகார்த்தோ வெளியிட்ட ஆணை சீனர்களின் பண்டிகைகளையும் வழிபாட்டையும் தெருவிலிருந்து வீட்டுக்குள் தள்ளியது. சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. அந்தக் காலத்தில் விமான நிலையத்தில் கொடுத்த சுங்கப் படிவத்தில், கொண்டுவரக் கூடாத பொருள்களின் வரிசையில் போதைப்பொருளும் ஆயுதமும் இருந்தன. கூடவே சீன எழுத்தில் அச்சிட்ட தாள்களும் இருந்தன. துப்பாக்கியும் செய்தித்தாளும் ஒரே பட்டியலில்!

இதே நாட்டுக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவர் சூசி சுசாந்தி. 1992, பார்சிலோனா, பாட்மின்டன். அதே நாளில் ஆடவர் ஒற்றையரில் தங்கம் வென்ற ஆலன் புடிகுசுமாவைப் பின்னாளில் மணந்துகொண்டார். இருவரும் சீன வம்சாவளியினர். ஜகார்த்தாவே தெருவில் இறங்கி அவர்களை வரவேற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1998 மே மாதம், அதே ஜகார்த்தாவில் சீனர்களின் கடைகள் எரிந்தன. பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். கொள்ளைக்குள் சிக்கி வணிக வளாகங்களில் கருகியவர்களையும் சேர்த்து, இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கடைக் கதவுகளில் "மண்ணின் மைந்தருக்குச் சொந்தம்" என்று அவசரமாக எழுதிவைத்தார்கள். சிச்சியின் பக்கத்து வீட்டு முஸ்லிம் பாட்டி, தன் தொழுகை விரிப்பை எடுத்துவந்து சிச்சி வீட்டு வாசல் கம்பியில் தொங்கவிட்டாராம். கும்பல் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இதைச் சொன்னபோது சிச்சியின் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

ஏன் இத்தனை வன்மம்? "சீனர்கள் பணக்காரர்கள், கஞ்சர்கள், தனியே ஒட்டிக்கொள்பவர்கள்" என்பது அங்கே டாக்சி ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை சொல்லும் பதில். என் கணிப்பில் பாதிப் பழி டச்சுக்காரர்களுடையது. காலனி ஆட்சி மக்களை ஐரோப்பியர், அந்நியக் கீழைநாட்டார், சுதேசிகள் என்று சட்டத்திலேயே மூன்றாகப் பிரித்தது. சீனர்கள் தங்களுக்கென ஒதுக்கிய பேட்டையில்தான் குடியிருக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அபின் விற்பனை, அடகுக்கடை, சுங்கச்சாவடி ஆகியவற்றின் குத்தகையைச் சீனர்களுக்கு விட்டார்கள். ஜாவானிய விவசாயி காசை எண்ணிக் கொடுத்தபோது எதிரே பார்த்தது சீன முகத்தை; அந்தப் பணம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தை அவன் பார்க்கவே இல்லை. ஆட்சிக்குச் சீனர்கள் மேல் தனிப் பிரியமும் கிடையாது. 1740இல் பத்தாவியா நகரில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் கொன்றது ஏறக்குறைய பத்தாயிரம் சீனர்களை. மிஞ்சியவர்களைக் கோட்டை மதிலுக்கு வெளியே குடியமர்த்தினார்கள். இன்றைய சைனாடவுனான குளோடோக் அதுதான்.

பணக்காரர் என்ற படிமத்தில் அடங்காதவர்களும் நிறைய. ஜகார்த்தாவை அடுத்த தாங்கெராங்கில் "சீனா பெந்தெங்" என்ற கூட்டம் இருக்கிறது. வயலிலும் கூலி வேலையிலும் வெயில் தின்ற உடம்பு, பார்த்தால் நம் ஊர்ப் பக்கத்து ஆள் போல இருப்பார்கள். மேற்குக் கலிமந்தானில் சிங்கவாங் நகரத்தில் ஹக்கா என்ற தென்சீன மொழி பேசும் சீனர்கள் ஏராளம். அங்கே ஏழைச் சீனரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் படிமத்துக்கு இவர்கள் உதவ மாட்டார்கள் என்பதால் யாரும் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு அலுக்காத விஷயம் வேறொன்று. சீனர்களைத் தள்ளிவைத்த அதே ஊர், அவர்கள் பண்பாட்டை விழுங்கிச் செரித்துவிட்டிருந்தது. தெருவுக்குத் தெரு விற்கும் பக்சோ உருண்டையில் உள்ள "பக்" தென்சீனாவின் ஹொக்கியன் மொழியில் இறைச்சி, அதிலும் பன்றி இறைச்சி. இன்று அது ஹலால் மாட்டிறைச்சி, இந்தோனேசியாவின் உயிர்ச் சோறு. பக்மி, தாஹு, லும்பியா எல்லாம் அதே வழி வந்தவை. ஜகார்த்தா இளைஞன் "நான், நீ" என்பதற்குச் சொல்லும் "குவா, லூ" ஹொக்கியன். சந்தையில் ஐயாயிரத்துக்கு "கோசெங்", பத்தாயிரத்துக்கு "செபான்" என்று பேரம் பேசுவதும் ஹொக்கியன் எண்களில்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆண்கள் போடும் கழுத்துப்பட்டியில்லாத "கோகோ" சட்டை சீனப் பெரியவர்களின் சட்டையிலிருந்து வந்தது என்பார்கள். சீனர்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்தான் அந்தப் பெயர். ஈகைப் பெருநாளில் குழந்தைகளுக்கு உறையில் காசு வைத்துக் கொடுப்பதற்கும் "அங்பாவ்" என்றே பெயர். அந்தச் சொல்லுக்குச் சிவப்பு உறை என்று பொருள். அவர்கள் கொடுத்த உறை பச்சை நிறம். என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் இந்தப் பட்டியலை ஒருமுறை சொல்லிக் காட்டினேன். "இதெல்லாம் எங்களுடையது, சீனாவுடையது அல்ல" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

2000இல் அதிபர் கஸ் துர் அந்த 1967 ஆணையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை. நான் அங்கே இருந்த ஆண்டுகளில் ஜனவரி வந்தால் கடைத்தொகுதிகளெல்லாம் சிவப்பு விளக்காய்த் தொங்கும், சிங்க நடனத்தைப் பார்க்கத் தலைத்துணி அணிந்த அம்மாமார்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நிற்பார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். 2017இல் ஜகார்த்தா ஆளுநர் பசுகி சஹாயா பூர்ணாமா தேர்தலில் தோற்று, அடுத்த மாதமே மத நிந்தனை வழக்கில் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றபோது சிச்சி எனக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினார்: "அந்தக் காகிதத்தை இன்னும் தூக்கிப்போடவில்லை." ஆளுநர் கிறிஸ்தவர், சீனர், இரண்டில் எது அவரைத் தோற்கடித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பாங்காக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே வலி குறைவு. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு தியோச்சியு குடும்பத்துப் பேத்தி. தியோச்சியு என்பது தென்சீனாவிலிருந்து வந்த ஒரு மொழிக் கூட்டம். எல்லோருக்கும் அவர் "ஆமா", அதாவது பாட்டி. "ஒரு பாய், ஒரு தலையணை" என்று தாய் மொழியில் ஒரு வழக்கு உண்டு, கையில் வேறு எதுவும் இல்லாமல் கப்பலேறி வந்து முன்னேறிய சீனரைக் குறிப்பது. ஆமா அதைத் தன் தாத்தாவைப் பற்றி வாரம் ஒருமுறையாவது சொல்வார், பட்டம் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தப் பெருமைக்கு இடம் இருந்தது. 1767இல் பழைய தலைநகர் அயுத்தயா வீழ்ந்தபின் நாட்டைத் திரட்டிய மன்னர் தாக்சினின் தந்தையே தியோச்சியு சீனர். ரானோங் மாகாணத்தில் கோ சூ சியாங் என்ற புலம்பெயர்ந்த வியாபாரி, வரிக் குத்தகை எடுத்து, பின்பு அதே ஊருக்கு ஆளுநர் ஆனார். அவர் மகன்தான் திராங்கின் ஆளுநராக இருந்து நாட்டுக்கு ரப்பர் மரத்தைக் கொண்டுவந்தவர். கவனியுங்கள், இங்கேயும் சீனர் வரி வசூலித்தார். ஆனால் மன்னர் அவருக்குப் பட்டமும் பதவியும் கொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டார். புத்த சமயம் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை, பன்றிக்கறியும் நிற்கவில்லை. இரண்டு தலைமுறையில் சீனர் தாய்லாந்துக்காரர் ஆகிவிட்டார்.

முழுக்கச் சர்க்கரை என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்து மன்னர் ஆறாம் ராமர் 1914இல் புனைபெயரில் எழுதிய கட்டுரையில் சீனர்களைக் "கீழ்த்திசை யூதர்கள்" என்று சாடினார், தன் வம்சத்திலேயே சீன இரத்தம் ஓடியதைப் பற்றிக் கவலைப்படாமல். பிரதமர் பிபுன் சோங்கிராம் காலத்தில் சீனப் பள்ளிகளை மூடினார்கள். ஒருவர் பதிவுசெய்த குடும்பப் பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், பிந்தி மாறிய சீனர்களின் தாய்ப் பெயர்கள் ரயில் பெட்டி போல நீளும். ஆமாவின் குடும்பப் பெயரை வாடகை ஒப்பந்தத்தில் எழுத எனக்கு ஒன்றரை வரி ஆனது.

அதே ஆமா, சீனாவிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். 2012இல் சியாங் மாயில் எடுத்த ஒரு சீன நகைச்சுவைப் படம் வெற்றி பெற, அதன்பின் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 2019இல் மட்டும் சுமார் 1.1 கோடிப் பேர். சியாங் ராயின் வெள்ளைக் கோயிலில் கழிப்பறையை அசுத்தம் செய்கிறார்கள் என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. "இந்தச் சீனர்களுக்கு மரியாதை தெரியாது, சத்தம் போடுகிறார்கள்" என்று ஆமா சொல்வார், சிவப்பு எழுத்தில் தாத்தாவின் பெயர் பொறித்த பலகைக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டே. "நீங்களும் சீனர்தானே?" என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நாங்கள் வேறு, அவர்கள் வேறு" என்றார். ஜகார்த்தாவில் சிச்சியைப் பற்றி மற்றவர்கள் சொன்ன அதே வாக்கியம்.

இப்போது அங்கே புதுச் சொல் ஒன்று புழங்குகிறது: "சாம்பல் சீனர்". மியன்மார் எல்லையில் இணைய மோசடி நடத்துபவர்களையும், கறுப்புப் பணத்தோடு வந்து கடையும் வீடும் வாங்குபவர்களையும் குறிப்பது. 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகரைத் தாய்லாந்து வழியாக மியன்மாருக்குக் கடத்திச் சென்ற செய்தி வெளியானதும், சீனர்களே பயந்து பயணத்தை ரத்து செய்யத் தொடங்கினார்கள். கூட்டத்தைத் திட்டிய ஆமா, ஹோட்டல் நடத்தும் மருமகனுக்கு அறைகள் காலியாகக் கிடக்கின்றன என்று தொலைபேசியில் அதே சுருதியில் திட்டினார்.

நம் பார்வையையும் சொல்லிவிட வேண்டும். சிச்சி ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி பெருமையாகக் கோபி மஞ்சூரியன் செய்து, "உங்கள் நாட்டுச் சாப்பாடு" என்று பரிமாறினார். சிச்சி ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார், இன்னொன்றும் சாப்பிட்டார். "மிக நன்றாக இருக்கிறது. இது இந்தியாவில் எந்த ஊர்ச் சமையல்?" என்று கேட்டார்.