பழைய கடைவீட்டில் கை வைக்குமுன்

கேள்வி: பினாங்கு லெபோ பசாரில் எங்கள் தாத்தா வாங்கிய மாடிக் கடைவீடு இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, கீழ்ச்சுவரில் பூச்சு உதிர்கிறது. கூரை ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரம் போட்டு, சிமெண்டு பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். யுனெஸ்கோ இடத்தில் ஆணிகூட அடிக்க முடியாது என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் தெரு இருக்கும் ஜார்ஜ்டவுனை 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோதான். ஆனால் உங்கள் கூரைக்கு அனுமதி தருவது மாநகர் கழகம், அதாவது எம்பிபிபி. இந்தப் பாரம்பரியப் பகுதியில் எதை எப்படி மாற்றலாம் என்று சொல்லும், 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டத்தை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் ஆலோசனை சொல்லும். முத்திரை குத்தும் அதிகாரம் அதற்கில்லை. பலர் இங்கேதான் குழம்பி, கதவு மாற்றித் தட்டுகிறார்கள்.

முதலில் அந்தத் திட்டத்தில் உங்கள் கட்டடம் எந்த வகை என்று கழகத்திடம் கேளுங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் போன்ற தனிச்சிறப்புள்ள கட்டடங்கள் முதல் வகை. சாதாரணக் கடைவீடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இதில் முன்முகப்பு, கூரை வடிவம், நடுமுற்றம், மரப்படி இவற்றைக் காப்பாற்றச் சொல்வார்கள். குளியலறை, மின்கம்பி விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி இருக்காது.

சரி, சிமெண்டு ஏன் ஆகாது? அந்தக் காலச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்டு அதை அடைத்துவிடும். உப்பு பூத்து, செங்கல் உள்ளேயே மாவாகும். முழங்கால் உயரத்தில் உதிர்ந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள்: விரலில் சிவப்புப் பொடி ஒட்டினால், முன்பே யாரோ அங்கே சிமெண்டு பூசியிருக்கலாம். பொதுச்சுவர் என்றால் ஈரம் பக்கத்துக் கடைக்கும் போகும், அப்புறம் சண்டைதான்.

பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரை வைத்து, இப்போதுள்ள நிலையை அளந்து வரைந்து, படங்களோடு கொடுங்கள். பெரிய மாற்றங்கள் தொழில்நுட்ப மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். வரைபடம் முடிந்தபின் திருப்பியடிக்கப்படுவதைவிட, வரையுமுன் ஒருமுறை கழகத்தின் பாரம்பரியப் பிரிவில் உட்கார்ந்து பேசுவது மலிவு.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, கூலியும் அதிகம். உரிமையாளர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அனுமதியில்லாமல் ஓடுகளைப் பிரித்தால், பழையபடி கட்டித்தரும் செலவும் உங்கள் தலையில் விழலாம். இப்போதைக்கு ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் விரியுங்கள். பிரிக்கும் நல்ல ஓடுகளைக் கொத்தனார் எடுத்துப்போக விடாதீர்கள். அதே அளவில் தேடினால் எளிதில் கிடைக்காது.